கேளுங்க சொல்றோம்: தண்டருக்கு எத்தனை கப்?

கேள்வி: 2025ல அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல ஓக்லஹோமா சிட்டி தண்டர் டீம் சாம்பியன் கப் அடிச்சப்ப சிலர் இதான் முதல் கப்னாங்க, சிலர் ரெண்டாவதுன்னாங்க. எது சரி?

பதில்: கணக்குப்படி ரெண்டு, மனசாட்சிப்படி ஒண்ணு. இந்த டீம் 1967ல பொறந்தது சியாட்டில்ல, அப்போ பேரு சூப்பர்சானிக்ஸ், அந்த ஊர் போயிங் கம்பெனி சூப்பர்சானிக் விமானம் டிசைன் பண்ணிட்டிருந்த நேரம். 1978 ஃபைனல்ல வாஷிங்டன் புல்லட்ஸ்கிட்ட ஏழாவது மேட்ச்ல தோத்து, அடுத்த வருஷமே அதே டீமை 4-1னு சாய்ச்சு கப் அடிச்சாங்க, கோச் லென்னி வில்கன்ஸ். அப்புறம் 1996ல கேரி பேட்டன், ஷான் கெம்ப் ஜோடி ஃபைனல் வரைக்கும் வந்துச்சு, எதிர்ல மைக்கேல் ஜோர்டனோட சிகாகோ புல்ஸ், 4-2ல முடிஞ்சு போச்சு.

டீம் சியாட்டிலை விட்டுப் போன வினையே அரங்கத்தாலதான். சொந்தக்காரரா இருந்த ஸ்டார்பக்ஸ் காபி கம்பெனி ஹோவர்ட் ஷுல்ட்ஸ் அரங்கத்துக்கு அரசு பணம் கேட்டாரு, கிடைக்கல, 2006ல 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமாக்காரர் க்ளே பென்னட் குரூப்புக்கு வித்துட்டாரு. வாங்கினவங்க பக்கத்து ரென்டன்ல 50 கோடி டாலர் அரங்கம் கட்டணும்னு கேட்டாங்க, மாநில சட்டசபை கையை விரிச்சிடுச்சு. ஓக்லஹோமாக்காரங்க கையில டீமை குடுத்துட்டு அது சியாட்டில்லயே இருக்கும்னு நம்பினா எப்படிங்க? அதுவும் கத்ரீனா புயலால நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் டீம் ரெண்டு சீசன் ஓக்லஹோமா சிட்டில வந்து ஆடினப்ப கூட்டம் அள்ளுச்சு, இந்த ஊரு தாங்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பின்னாடி ஷுல்ட்ஸே விற்பனையை ரத்து பண்ணுங்கன்னு கேஸ் போட்டாரு, அப்புறம் அவரே வாபஸும் வாங்கிட்டாரு!

அரங்க ஒப்பந்தம் 2010 வரைக்கும் இருந்துச்சு, அதனால சியாட்டில் நகராட்சி கோர்ட்டுக்கு போச்சு. கடைசில 2008 ஜூலைல 4.5 கோடி டாலர் வாங்கிட்டு விட்டுட்டாங்க, டீம் ஓக்லஹோமா சிட்டிக்குப் போய் தண்டர் ஆயிடுச்சு. சூப்பர்சானிக்ஸ்ங்கிற பேரும் பச்சை-மஞ்சள் கலரும் சியாட்டிலுக்குன்னு ஒதுக்கி வச்சாங்க, பழைய ரெக்கார்டு மட்டும் ரெண்டு ஊருக்கும் பொதுன்னு பேச்சு. அதான் இந்த குழப்பம். தண்டர் அரங்கத்துல 1979 சாம்பியன் பேனரை தொங்க விடல, அந்த மட்டுக்கும் நாகரிகம்.

கேள்வி: தண்டரோட பழைய ஸ்டார் கெவின் டுரான்ட் சியாட்டில்ல ஆடியிருக்காரா?

பதில்: ஒரே ஒரு சீசன், 2007-08. சிறந்த புதுமுகம் விருது அவருக்கு, டீமுக்கு 20 வெற்றி, 62 தோல்வி. இன்னொரு ஸ்டார் வெஸ்ட்புரூக் கதை இன்னும் வேடிக்கை, 2008 டிராஃப்ட்ல (டீம்கள் புது ஆட்டக்காரங்களை வரிசையா தேர்ந்தெடுக்கிற முறை) எடுத்தது சூப்பர்சானிக்ஸ், ஆனா அந்த ஜெர்சில ஒரு மேட்ச் கூட ஆடல. இவங்க ரெண்டு பேரோட ஹார்டனும் சேர்ந்து 2012ல ஃபைனல் வந்தும் மயாமிகிட்ட தோத்தாங்க. 2025ல கப் வந்தது ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் காலத்துல, 2019ல ஸ்டார் ஆட்டக்காரர் பால் ஜார்ஜை குடுத்து வாங்கின பையன்தான் அவரு, கூடவே ஏகப்பட்ட டிராஃப்ட் வாய்ப்பும் வந்துச்சு. என்னைக் கேட்டா அந்த ஒரு டீல்தான் தண்டரோட உண்மையான வரலாறு.

கேள்வி: சியாட்டில் வேற டீமை இழுக்கப் பார்க்கலையா?

பதில்: பார்த்தாங்களே, 2013ல சாக்ரமென்டோ கிங்ஸை. தனக்கு நடந்ததையே இன்னொரு ஊருக்கு பண்ண கிளம்பினாங்க, என்பிஏ ஒத்துக்கல. பழைய அரங்கத்தை கூரையை மட்டும் வச்சுக்கிட்டு புதுசா கட்டி 2021ல திறந்துட்டாங்க, இப்போ அங்க ஐஸ் ஹாக்கியும் பெண்கள் பாஸ்கெட்பால் டீம் ஸ்டார்மும் ஆடுது.