இந்தோசீனாவோட கணக்குப்பிள்ளை: போல் டூமேர் பத்தி கேட்டீங்க, சொல்றேன்

நான் காரைக்கால்காரன். எங்க தாத்தா சைகோன்ல கஸ்டம்ஸ் கிளார்க்கா இருந்தவர், அவர் டிரங்குப் பெட்டில கிடந்த பேப்பருங்கள எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சவன் அப்படியே பிரெஞ்சு இந்தோசீனா சரித்திரத்துல விழுந்து இருபது வருஷம் ஆச்சு, இன்னும் எழுந்திருக்கல. போன வாரம் பேச்சுவாக்குல போல் டூமேர்னு ஒரு பேரச் சொன்னேன். 1897ல இருந்து 1902 வரைக்கும் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் எல்லாத்துக்கும் மேல கவர்னர் ஜெனரலா உக்காந்திருந்தவர். அதுக்கு இத்தன கேள்வி வரும்னு நெனைக்கல. வந்த வரிசைலயே பதில் போடறேன்.

கேள்வி: அண்ணே, டூப்ளே, லாலின்னு பாண்டிச்சேரில இருந்து நம்ம ஊருக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு ஆளுங்கள விட்டுட்டு இவர ஏன் புடிச்சீங்க?

டூப்ளே பத்தி எழுத ஊர்ப்பட்ட ஆள் இருக்காங்கப்பா. டூப்ளே சண்டையும் ராஜதந்திரமுமா ஓடுன ஆளு, கடைசில பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு. டூமேர் பெருசா சண்டை எதுவும் போடல. நோட்டுப் புத்தகத்தத் தொறந்து வரவு செலவ மாத்தி எழுதினார், அம்புட்டுதான், ஆனா அந்த அஞ்சு வருஷத்துல அவர் போட்ட கோட்டுலதான் பிரெஞ்சுக்காரன் அடுத்த நாற்பது வருஷத்துக்கு மேல அங்க வண்டி ஓட்டினான். எனக்கு அந்த மாதிரி ஆளுங்க மேலதான் ஒரு கண்ணு.

கேள்வி: இவர் பெரிய வீட்டுப் பிள்ளையா சார்?

அதான் இல்ல. 1857ல ஒரிலாக்னு பிரான்ஸ் நடுவுல இருக்கிற ஊர்ல பொறந்தவர், அப்பா ரயில் பாதை போடற கூலிக்காரர், அவரும் சீக்கிரம் போயிட்டார், அம்மா பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பாரிஸ் வந்து சேர்ந்தாங்க. பையன் சின்ன வயசுலயே பட்டறை வேலைக்குப் போயிக்கிட்டு ராத்திரில படிச்சு, கணக்கு வாத்தியாரா ஆகி, அப்புறம் பத்திரிகை, அப்புறம் 1888ல எம்.பி. 1895ல நிதி மந்திரி. அந்தப் பதவில இருந்தப்ப பணக்காரனுக்கு வருமான வரி போடணும்னு மசோதா கொண்டாந்தார், மேல்சபைக்காரங்க விடல, ஆட்சியும் போச்சு. அடுத்து வந்த பிரதமர் மெலீன், வாயாடற எதிர்க்கட்சி ஆள தூரமா அனுப்பிட்டா தொல்லை விட்டுச்சுன்னு நெனைச்சாரோ என்னவோ, இந்தோசீனா கவர்னர் ஜெனரல் பதவியத் தூக்கிக் கொடுத்தார். பாரிஸ்ல பணக்காரன்கிட்ட வரி வாங்க முடியாத மனுஷன் டோங்கின்ல (வியட்நாமோட வட பகுதி) குடியானவன்கிட்ட வாங்கினார், இத நெனைச்சு நான் பல தடவ தலையாட்டியிருக்கேன்.

கேள்வி: சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன், டூமேர் கொள்கைன்னா சுருக்கமா என்ன எழுதலாம்?

1898ல பொது பட்ஜெட். அதுலதான் மத்ததெல்லாம் தொங்குது, அதனால கொஞ்சம் விளக்கிடறேன். இந்தோசீனான்னு பேர்தான் ஒண்ணு, உள்ள அஞ்சு துண்டு. தெக்க கொச்சின் சைனா நேரடி காலனி, நடுவுல அன்னாம், வடக்க டோங்கின், மேக்க கம்போடியாவும் லாவோஸும், இதெல்லாம் ராஜா மன்னர் பேர வச்சு ஓடுற பாதுகாப்பு நாடுங்க. சைகோன்ல இருந்த பிரெஞ்சுக்காரனுங்க தங்களோட வருமானத்துல வடக்க இருக்கிறவனுக்கு ஒரு காசு தர மாட்டாங்க, வடக்குல எப்பவும் துண்டு விழும், பாரிஸ் கைய விட்டுப் போடணும். டூமேர் என்ன பண்ணார்னா நில வரி, தலை வரிய அந்தந்தத் துண்டுக்கே விட்டுட்டு, கஸ்டம்ஸ் வருமானமும் உப்பு சாராயம் அபின் ஏகபோக வருமானமும் பூரா பொதுப் பெட்டிக்குன்னு சொல்லிட்டார். சைகோன்காரனுங்க குதிச்சாங்க, ஒண்ணும் நடக்கல.

இதோட சேர்த்து 1897ல டோங்கின்ல ராஜா சார்பா இருந்த வைஸ்ராய் பதவியத் தூக்கினார். அன்னாம் தலைநகர் ஹுவே அரண்மனைல ‘தான் தாய்’ங்கிற பேர்ல பதினெட்டு வயசு சக்கரவர்த்தி, அவருக்கு வயசு வந்துடுச்சுன்னு அறிவிச்சு ரீஜென்சி சபைய (சின்ன வயசு ராஜா பேர்ல ஆட்சி நடத்துற சபை) கலைச்சார். கேக்க நல்லாத்தான இருக்கு? ஆனா அதே சமயத்துல மந்திரி சபைய பிரெஞ்சு ரெசிடென்ட் (அங்க இருந்த பிரெஞ்சு அரசுப் பிரதிநிதி) கைக்குள்ள கொண்டாந்தாச்சு, அன்னாம்ல வரி வாங்குற வேலையும் பிரெஞ்சுக்காரன்கிட்ட போயிடுச்சு, ராஜாவுக்கு சம்பளம் மாதிரி ஒரு தொகை. பையனுக்குக் கிடைச்சது கிரீடம் மட்டும்.

கேள்வி: உப்பு, சாராயம், அபின்னு மூணையும் அரசாங்கமே வித்துச்சுன்னு சொன்னீங்களே, அது எப்படி நடந்துச்சு?

ஒவ்வொண்ணா சொல்றேன், இது கொஞ்சம் நீளும்.

உப்புல இருந்து. கடலோரத்துல உப்பு வாருறவன் ஒருத்தன்னு வச்சுக்கோங்க, அவன் வாரின உப்ப அரசாங்கம் சொன்ன விலைக்கு அரசாங்கக் கிடங்குல போடணும், பக்கத்து வீட்டுக்குக்கூட விக்கக் கூடாது. அதே கிராமத்துல மீன் சாறு போடறவன் (நூக் மாம்னு சொல்வாங்க, நமக்கு ரசப்பொடி மாதிரி அவங்களுக்கு அது இல்லாம சோறு இல்ல) மீன அடுக்கி உப்பப் போட்டு மாசக்கணக்குல ஊற வைக்கணும், அவனுக்கு உப்பு மூட்டை மூட்டையா வேணும். அவன் போயி அதே கிடங்குல, ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவன் வாரின அதே உப்ப, வரியும் சேர்ந்த விலைக்கு வாங்கிட்டு வரணும். வேதாரண்யம் கதை தெரிஞ்ச நமக்கு இத விளக்கவே வேணாம்.

சாராயம் இன்னும் மோசம். அரிசிச் சாராயம் அங்க வீட்டுக்கு வீடு காய்ச்சுறது, முன்னோருக்குப் படையல் வைக்க அது வேணும். டூமேருக்குச் சில வருஷம் முன்னாடி சைகோன் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல இருந்த கால்மெத் (பின்னாடி காசநோய் தடுப்பூசில பேர் வந்த அதே கால்மெத்) சீன ஈஸ்ட்ட ஆராய்ஞ்சு ஃபேக்டரில வேகமா காய்ச்சுற முறையக் கண்டுபிடிச்சிருந்தார். அத வச்சு ஃபோந்தேன்னு ஒருத்தரோட கம்பெனி பெரிய டிஸ்டில்லரி போட்டு அரசாங்கத்துக்கு சப்ளை, வீட்ல காய்ச்சுறது குத்தம்னு ஆயிடுச்சு. ஃபேக்டரி சரக்கு சுத்தமா, காட்டமா இருக்கும், ஆனா ருசி இருக்காது, வாசனை இருக்காது, அதப் படையல்ல வச்சா தாத்தாவே எழுந்து போயிடுவார்னு ஜனங்க வாங்க மாட்டேன்னாங்க. அதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா, கிராமத்துக்கு இவ்வளவு சாராயம் வாங்கியாகணும்னு கோட்டா போட ஆரம்பிச்சாங்க. குறைஞ்சா திருட்டுச் சாராயம் காய்ச்சுறீங்கன்னு சந்தேகம், கஸ்டம்ஸ்காரன் வீட்டுக்குள்ள புகுந்து பானைய மோந்து பாப்பான், காட்டிக் கொடுத்தவனுக்கு சன்மானம்.

அபின் சைகோன்ல டூமேருக்கு முன்னாடியே இருந்துச்சு, 1881லயே அரசாங்க அபின் ஃபேக்டரி. அவர் செஞ்சது இந்த மூணையும் ஒரே டிபார்ட்மென்ட்ல போட்டு மொத்த இந்தோசீனாவுக்கும் பரப்பினது. கச்சா அபின்ல ஒரு பங்கு எங்கருந்து வந்துச்சுன்னா பெனாரஸ் அபின், பிரிட்டிஷ்காரன் கல்கத்தால ஏலம் விட்டது. காசி பக்கம் விளைவிச்சவன் வயித்தெரிச்சல் கப்பலேறி சைகோன்ல புகையாச்சு.

கேள்வி: நீங்க குறையாவே சொல்றீங்க தோழர். ரயில், பாலம், துறைமுகம்னு அவர் போட்டதுலதான இன்னைக்கும் வியட்நாம் ஓடுது?

ஓடுது, நான் மறுக்கல. 1898 கடைசில பாரிஸ்ல 200 மில்லியன் பிராங்க் ரயிலுக்குக் கடன் அனுமதி வாங்கினார், ஹனோய்ல இருந்து சைகோன் வரைக்கும் ஒரே பாதைன்னு பிளான் போட்டவர் அவர்தான், முழுசா முடிஞ்சது 1936ல. ஆனா ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு, சீனாவோட யுன்னானுக்குப் போற ரயில். அவரோட கனவே அது, யுன்னான் சரக்கெல்லாம் ஹைஃபோங் துறைமுகத்துக்கு வரும்னு. வியட்நாம் எல்லைல இருக்கிற லாவ் காய்ல இருந்து யுன்னான் தலைநகர் குன்மிங் வரைக்கும் 465 கிலோமீட்டர், மலையும் மலேரியாவும், 1910ல முடிக்கிறதுக்குள்ள சுமார் 12,000 கூலிங்க செத்தாங்க. அந்த அளவுக்கு சரக்கு வரவே இல்ல.

ரெண்டாவது, இது யாரும் கவனிக்காதது. என் தாத்தா பெட்டில ஒரு பியாஸ்தர் (இந்தோசீனா நாணயம்) வெள்ளிக்காசு இருக்கு, உக்காந்த சுதந்திர தேவி ஒரு பக்கம், இன்னொரு பக்கம் எடை 27 கிராம், தரம் 0.900ன்னு காசுலயே அடிச்சிருப்பாங்க. கைல வச்சா கனமாத்தான் இருக்கும். குடியானவன் வரி கட்டினது இந்த வெள்ளில, பாரிஸ் கடன் தங்க பிராங்க்ல. வெள்ளி விலை உலகம் பூரா விழுந்துக்கிட்டே இருந்துச்சு, ஒரு காலத்துல 5 பிராங்குக்குப் போன பியாஸ்தர் டூமேர் கிளம்புறப்ப பாதிக்கும் கீழ. அப்ப அதே கடனுக்கு ரெண்டு மடங்கு காசு புடுங்கணும்ல. தலை வரியும் அவர் வந்த உடனே நல்லா ஏறிடுச்சு. பாலத்தப் பாக்கும்போது உப்புக் கிடங்கையும் சேர்த்துப் பாக்கச் சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல.

கேள்வி: எலி வாலுக்குக் காசு கொடுத்து ஏமாந்தது இவர்தானே?

எல்லா மேனேஜ்மென்ட் கிளாஸ்லயும் இந்தக் கதைய இவர் தலைல கட்டிடறாங்க. பாதி சரி. பிரெஞ்சுக்காரங்க இருந்த ஏரியாவுக்கு அடில புதுசா சாக்கடைக் குழாய் பதிச்சது இவர் காலத்து ஹனோய், எலிக்கு அது ராஜபாட்டை, வெயில் இல்ல, பாம்பு இல்ல, நேரா பிரெஞ்சுக்காரன் கக்கூஸ்க்கே வந்துடுச்சு. பிளேக் பயம் வேற. ஆனா எலி வேட்டை நடந்தது 1902 ஏப்ரல்ல இருந்து, இவர் மார்ச்லயே கப்பலேறிட்டார். ஜூன்ல ஒரே நாள்ல 20,000 எலிக்கு மேல கணக்கு வந்துச்சு, ஜனங்களுக்கு ஒரு வாலுக்கு ஒரு சென்ட்னு அறிவிச்சாங்க, கொஞ்ச நாள்ல ஊர்ல வால் இல்லாத எலியா ஓடுது. வால மட்டும் நறுக்கிட்டு குட்டி போட விட்டுடறாங்க, சிலர் ஊருக்கு வெளில எலிப்பண்ணையே வச்சுட்டாங்க. எனக்கு என்னவோ கிராமத்துக்காரன் சாராயக் கோட்டாவுக்குப் பழி வாங்கிட்டான்னுதான் தோணும்.

கேள்வி: எங்க ஆயா வீட்ல சைகோன் சைகோன்னு சொல்வாங்க. நம்ம ஆளுங்க அங்க என்ன பண்ணாங்க?

ரெண்டு கூட்டம். ஒண்ணு நகரத்தார், நெல்லு விளையிற மெக்கோங் டெல்டால வட்டிக்குக் கொடுத்தாங்க, சைகோன்ல தண்டாயுதபாணி கோயில் இன்னும் இருக்கு. இன்னொண்ணு பாண்டிச்சேரி, காரைக்கால் ஆளுங்க. 1881ல ஒரு சட்டம் வந்துச்சு, நம்ம சாதி மத வழக்கச் சட்டத்த விட்டுக்கொடுத்து பிரெஞ்சு சிவில் சட்டத்த ஏத்துக்கிட்டா பிரெஞ்சுப் பிரஜை, புதுக் குடும்பப் பேரும் வச்சுக்கலாம். ரெனோன்சான்னு சொல்வாங்க. இவங்க கொச்சின் சைனால கிளார்க், போலீஸ், ஜெயில், கஸ்டம்ஸ்னு நெறைய இருந்தாங்க, ஓட்டுரிமையும் இருந்துச்சு, அந்த ஊர்க்காரனுக்கு இல்லாதது. எங்க தாத்தா போனது 1930கள்ல, டூமேருக்கு ரொம்பப் பின்னாடி, ஆனா அவர் உக்காந்த நாற்காலி டூமேர் விரிச்ச டிபார்ட்மென்ட்டோடது. பானை மோந்து பாத்த கூட்டத்துல நம்ம ஆளும் இருந்திருக்கான், அதையும் சொல்லிடணும்ல.

கேள்வி: பாண்டில டூமா தெரு இவர் பேர்லதான?

இல்ல. அது பெனுவா டூமா, டூப்ளேக்கு முந்தின கவர்னர். இன்னொரு கொழப்பமும் வரும், டூமெர்க்னு ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி, அவரும் வேற. ஆனா வேடிக்கை என்னன்னா நம்ம டூமேர் 1898ல தொல்லியலுக்குன்னு ஒரு குழு ஆரம்பிச்சார், 1900ல அதுக்கு எக்கோல் பிரான்சேஸ் தெக்ஸ்த்ரேம் ஓரியான்னு பேர். அங்கோர்ல கோயில்கள நிமிர்த்தி நிறுத்தினது அவங்கதான். 1950கள்ல பாண்டில ஒரு கிளை திறந்தாங்க, தமிழ் ஓலைச்சுவடி, கோயில் ஆராய்ச்சி எல்லாம் நடக்குது. அந்தக் கட்டிடம் எங்க இருக்கு? டூமா தெருவுல.

கேள்வி: தலாத் மலை ஊர் இவர் கண்டுபிடிச்சதா?

கண்டுபிடிச்சவர் டாக்டர் யெர்சின், 1893ல. பிளேக் கிருமியக் கண்டுபிடிச்ச அதே யெர்சின். நம்ம ஊட்டி மாதிரி வெள்ளைக்காரன் உடம்பு தேற ஒரு குளிரு இடம் வேணும்னு டூமேர் கேட்டார், யெர்சின் அந்த இடத்தக் கை காட்டினார்.

கேள்வி: கடைசில என்ன ஆனார்?

திரும்பிப் போய் 1906ல ஜனாதிபதி தேர்தல்ல தோத்தார். முதல் உலகப் போர்ல நாலு பிள்ளைங்கள வாரிக் கொடுத்தார், எதிரிக்கும் வரக்கூடாது. 1931ல பிரியான்ங்கிற முன்னாள் பிரதமரத் தோக்கடிச்சு ஜனாதிபதி, வயசு 74. மறு வருஷம் மே 6ஆம் தேதி பாரிஸ்ல போர்ல இருந்து வந்த எழுத்தாளர்களோட புத்தகக் கண்காட்சிக்குப் போனார், கோர்குலோவ்னு ஒரு ரஷ்ய அகதி கிட்டத்துல நின்னு சுட்டான், மறுநாள் விடிகாலைல உயிர் போச்சு. சுட்டவனுக்கும் இந்தோசீனாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செப்டம்பர்ல அவன கில்லட்டின்ல போட்டாங்க.

கேள்வி: அடுத்த மாசம் ஹனோய் போறேன் அண்ணா. இவர் அடையாளம் ஏதாச்சும் பாக்கலாமா?

லாங் பியென் பாலத்துக்குப் போங்க, 1945 வரைக்கும் அது பேரே போல் டூமேர் பாலம். சிவப்பு ஆத்து மேல 1,682 மீட்டர், 1902ல முதல் ரயில்ல ‘தான் தாய்’ சக்கரவர்த்தியும் டூமேரும் போனாங்க. ஈஃபில் கட்டினதுன்னு கைடு சொல்வான், நம்பாதீங்க, பாலத்துலயே இரும்புப் பலகைல 1899-1902, தேதே பில்லே (கட்டின கம்பெனி பேரு), பாரிஸ்னு இருக்கும், அதத் தேடிப் பாருங்க. அமெரிக்காக்காரன் குண்டு போட்டு ஒடைச்ச இடங்கள்ல பழைய கூம்பு வடிவம் இருக்காது, தட்டையா ஒட்டு போட்டிருப்பாங்க, தூரத்துல இருந்து பாத்தாலே வாய்ல பல்லு போன மாதிரி தெரியும். நடுவுல ரயில், ரெண்டு ஓரத்துலயும் பைக். வியட்நாம் பூரா ரோட்ல வலது பக்கம் போவாங்க, இந்தப் பாலத்துல மட்டும் நம்ம ஊரு மாதிரி இடது பக்கம், அதனால ஏறும்போது ரெண்டு பக்கமும் பாத்து ஏறுங்க.