டீச்சரிடம் கேளுங்கள்: கருவாட்டுக்குக் காவல்

தடைக்காலம் வந்தாலே எனக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஆம்பிளைகள் பகலெல்லாம் வீட்டில். வலை பொத்துவார்கள், சீட்டாடுவார்கள், மூன்று வருஷத்துக்கு முந்தின கணக்கை எடுத்துப் பேசுவார்கள். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் சண்டைக் கடிதம். எனக்குப் பதில் தெரிந்ததை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். மாசி மாதம் அவர் வலையை அறுத்து இழுத்துக்கொண்டு போனது என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் விசைப்படகு. இரண்டு பேரும் ஒரே பங்குக் கோயில், ஒரே அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு). திருவிழாவில் ஆறாம் நாள் எங்கள் அன்பியத்தின் முறை, இரண்டு பேரும் சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும். "கிறிஸ்தவன்னா மன்னிக்கணும்" என்று எல்லாரும் அண்ணனுக்குச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவர் இறங்கி வரவில்லை. நான் என்ன செய்வது?
– இரண்டு பக்கமும் உறவுள்ள ஒருத்தி, பாம்பன்

பதில்: எல்லாரும் அண்ணனிடம் மட்டும் ஏன் போகிறார்கள்? அறுத்தவர் வீட்டுக்கு யாராவது போய், வலை என்ன விலை தெரியுமா என்று கேட்டார்களா? கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் தைத்தது.

நம் கரையில் கடலையே நாள் கணக்காகப் பிரித்து வைத்திருக்கிறோம். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மனிதர் மனசு எப்போதும் நல்லபடி இருக்காது என்று தெரிந்த பெரியவர்கள் போட்ட ஏற்பாடு அது. நஷ்டக் கணக்கும் அந்த மாதிரிதான். பைபிளில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அவர் பாட்டுப் பாடவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். "இன்று இந்த வீட்டுக்கு மீட்பு" என்ற சொல் அதற்கு அப்புறம்தான் வந்தது. உங்கள் கொழுந்தனார் நாலு மடங்கு தர வேண்டாம். ஒரு மடங்கு போதும், அதுவும் தவணையில் தரட்டும்.

சரி, உங்கள் பங்கு என்ன? பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் நான்காம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். எவோதியா, சிந்திக்கே என்று இரண்டு பெண்கள். நற்செய்திக்காகப் பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள், அப்புறம் ஒட்டாமல் போய்விட்டார்கள். சண்டை எதற்கு என்று பவுல் எழுதவில்லை. யார் மேல் தப்பு என்றும் எழுதவில்லை. இவளிடம் கேட்டுக்கொள்கிறேன், அவளிடமும் கேட்டுக்கொள்கிறேன் என்று ஆளுக்கொரு தடவை கெஞ்சுகிறார். அடுத்த வரியில், பேர் சொல்லாத ஒரு கூட்டாளியைப் பார்த்து, நீ இவர்களுக்கு உதவி செய் என்கிறார். கடிதத்தைச் சபையில் சத்தமாக வாசித்திருப்பார்கள். அந்த இரண்டு பெண்களும் அங்கேயே உட்கார்ந்திருந்திருப்பார்கள். நினைத்தால் எனக்கு இங்கே வியர்க்கிறது. உங்கள் ஊரில் அந்தப் பேர் சொல்லாத ஆள் நீங்கள்தான், தாயி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சீட்டுப் பண விவகாரத்தில் ஒருத்தியோடு நான் நாலு வருஷம் பேசவில்லை. பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் முன்னால் கும்பிடுவேன், பின்னால் திரும்பிக் கும்பிடுவேன், அவள் நிற்கும் வலது பக்கம் மட்டும் கழுத்து திரும்பாது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு "எழுபது தடவை ஏழு முறை" மன்னிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே நாலு வருஷம்தான்.

ஒரு நாள் அவள் வீட்டுக்காரர் போன படகை இலங்கைக் கடற்படைக்காரர்கள் அக்கரைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கலெக்டருக்கு மனு எழுத வேண்டும். தெருவில் மனு எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அவள் வீட்டுத் திண்ணையில் தாளை விரித்து உட்கார்ந்தேன். பேர், வயசு, தகப்பனார் பேர் வரைக்கும் எனக்கே தெரியும். அதற்கு மேல் அவளைக் கேட்டால்தான் உண்டு. நாலு வருஷம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை, "படகு நம்பர் என்ன?" சொன்னாள். எழுதினேன். ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அது ஒன்பது டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். யாரும் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் திரும்பி வந்த பிறகு சீட்டுப் பணம் மூன்று தவணையில் வந்து சேர்ந்தது.

அதனால் அண்ணனிடம் போய் மன்னிக்கச் சொல்லாதீர்கள். எத்தனை துண்டு வலை போனது, கயிறு எவ்வளவு, மிதப்பு, ஈயக்குண்டு எவ்வளவு, என்ன விலைக்கு எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கொழுந்தனார் வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். "அண்ணன் கோபமா இருக்கார்" என்று ஆரம்பிக்க வேண்டாம், தாளே பேசும். ஆறாம் நாளுக்குள் முதல் தவணை போய்ச் சேர்ந்தால் நல்லது. சப்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்கட்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும் என்று முதல் வருஷமே வைக்காதீர்கள்.

கேள்வி: இந்தத் தடவை தவக்காலமும் ரமலான் நோன்பும் சேர்ந்து வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ராத்தா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். கறி போட்ட கஞ்சி. நமக்கோ சுத்தபோசனம், கறி ஆகாது. மறுக்க மனசு வராமல் வாங்கிவிட்டேன், பிள்ளைகள் குடித்துவிட்டார்கள். பாவமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: வாங்கியது சரி. சுத்தபோசன ஒழுங்கு 14 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கட்டாது. நீங்களும் இரண்டு கரண்டி குடித்திருந்தால் (எழுதவில்லை, ஆனால் அந்த வாசனைக்கு யார்தான் தாங்குவார்கள்) பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள், சாமியார் சிரிப்பார். அடுத்த தடவை, "ராத்தா, இன்னைக்கு எங்களுக்கும் ஒருசந்தி, நாளைக்குக் காலையில சூடு பண்ணிக் குடிக்கிறோம்" என்று உள்ளதைச் சொல்லி வாங்கி வையுங்கள். நோன்பைப் பற்றி நாம் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தூக்குவாளியை மட்டும் வெறுமனே திருப்பிவிடாதீர்கள். செத்தும் கொடுத்த சீதக்காதியின் ஊரில் இருந்துகொண்டு வெறும் வாளி கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?

கேள்வி: பாகப்பிரிவினையில் எனக்கும் கூடப்பிறந்த தம்பிக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்ச்சை இருக்கிறது. தம்பியோடு சேராமல் போனால் நேர்ச்சை பலிக்குமா?
– வாசகர், தொண்டி

பதில்: காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்ற மத்தேயு வசனம் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இந்தக் கேள்வி. நேர்ச்சையைத் தள்ளிப் போடாதீர்கள், போங்கள். ஆனால் தம்பி வீட்டு வழியாக நடந்து போங்கள். வாசலில் நின்று, "ஓரியூர் போறேன், உனக்கும் சேர்த்து வேண்டிக்கிறேன்" என்று சொன்னால் போதும். அவர் உள்ளே கூப்பிட்டால் உட்காருங்கள், கூப்பிடாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

ஓரியூர் என்றதும் இன்னொன்று. 1693 பிப்ரவரி 4 அன்று போர்த்துக்கீசிய குரு அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) தலை வெட்டப்பட்டு இறந்த மண் அது. 1947இல் புனிதர் பட்டம். கதை எல்லாருக்கும் தெரியும்: ஞானஸ்நானம் பெறுவதற்காகத் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதி மன்னரின் உறவுப்பெண், அவர் போய் முறையிட்டதிலிருந்து எல்லாம் ஆரம்பித்தது. சின்ன வயதில் எனக்கு அந்தப் பெண்ணைப் பொல்லாதவள் என்றே சொல்லிக் கொடுத்தார்கள். முப்பது வருஷம் நானும் பிள்ளைகளுக்கு அப்படியேதான் சொன்னேன். இப்போது அந்தச் செம்மணலில் உட்காரும்போது அவளுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறேன். ஒரே நாளில் வீடு இல்லாமல் போனவள்தானே அவளும். செய்ததைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பாகப்பிரிவினையிலும் விடுபட்டுப் போன அக்காவோ தங்கையோ இருக்கிறாரா? நீங்கள் எழுதவில்லை. ஓரியூர் போகிற வழியெல்லாம் யோசிக்க நேரம் இருக்கும்.

கேள்வி: எங்கள் அன்பியத்து வாட்ஸ்அப் குழுவில் காலையில் இறைவசனம், சாயங்காலம் சண்டை. வெளியேறிவிடலாமா?
– மண்டபம்

பதில்: வெளியேற வேண்டாம், அதற்கும் ஒரு சண்டை வரும். சத்தத்தை அணைத்து வையுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் எதற்கும் பதில் போடாதீர்கள். வாய்ஸ் மெசேஜ் என்றைக்குமே வேண்டாம். நான் அனுப்பியது ஒன்று இன்னும் மூன்று பங்குகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை நெருங்கிய நண்பன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அதிலிருந்து யாரிடமும் எதையும் சொல்வதில்லை. எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறேன், அவ்வளவுதான். "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்" என்று வசனம் இருக்கிறதே, நான் செய்வது அதுதானே? ஆனால் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது.
– கல்லூரி மாணவன், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, நீ கடலோரத்துப் பிள்ளை. உனக்குக் கருவாட்டை வைத்தே சொல்லலாம்.

எட்டு வயதில் முழுப்பரீட்சை லீவில் எனக்கு ஒரே வேலை, அம்மாச்சி காயப்போடும் காரல் மீனுக்குக் காவல் இருப்பது. காலை ஏழு மணிக்கு மணலில் பரப்புவோம். ஒன்றன் மேல் ஒன்று படக்கூடாது. உச்சி வெயிலுக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். கையில் ஒரு பனை மட்டை. எதிரிகள் காக்காய், நாய், பக்கத்து வீட்டுக் கோழி. ஒரு நாள் எனக்கு விளையாடப் போக ஆசை. பழைய படகுப் பாயை இழுத்து வந்து அத்தனையையும் மூடி, நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு ஓடிவிட்டேன். ஒரு காக்காய்கூடத் தொடவில்லை. மூன்று மணிக்கு வந்து பாயைத் தூக்கினால் குப்பென்று அடித்தது. மீனெல்லாம் உள்ளுக்குள்ளே வெந்து, செவுள் பக்கம் கொழகொழத்து, எடுத்தால் விரலில் ஒட்டியது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் புழு வைத்திருக்கும்.

"சிரித்துப் பேசுகிறேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாயே, அது அந்தப் பாய்.

காவலில் இன்னொரு வகையும் உண்டு. செத்த காக்காய் ஒன்றைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள், பார்த்திருப்பாய். மற்ற காக்காய் அண்டாது. சில பேர் பழைய சண்டையை அப்படித்தான் வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். "ஒருத்தன் எங்கிட்ட இப்படித்தான் நடந்தான், என்ன ஆனான் தெரியுமில்ல?" பயந்துகொண்டு யாரும் கிட்டே வரமாட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்த நாற்றத்தில் அவர்களே அல்லவா குடியிருக்க வேண்டும்?

நீ சொன்ன நீதிமொழியை முழுசாகப் படி. "அதினிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்" என்று முடியும். அதற்கு அடுத்த வசனமே வாயைப் பற்றியது. உள்ளே வருகிறவர்களைவிட வெளியே போகிற பேச்சுக்குத்தான் அங்கே காவல் அதிகம். உன் நண்பன் காக்கத் தவறியது அதைத்தான். நீ அவனைப் பற்றி யாரிடம் என்னவெல்லாம் சொன்னாய் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் கேள்விக்குச் சொன்னேனே, அந்தப் பிலிப்பியர் நான்காம் அதிகாரத்திலேயே உனக்கும் இருக்கிறது. இரண்டு பெண்களின் சண்டையைப் பேசிய கையோடு, உங்கள் கனிந்த உள்ளம் எல்லாருக்கும் தெரியட்டும் என்கிறார் பவுல். கொஞ்சம் தள்ளி, கடவுள் தரும் அமைதி உங்கள் உள்ளத்தைக் காக்கும் என்கிறார். அந்தக் கிரேக்கச் சொல், படைவீரர்கள் ஊரைச் சுற்றிக் காவல் நிற்பதற்குச் சொல்வது. பிலிப்பி, ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றிய ஊர், அவர்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். எழுதியவரோ சிறையில் இருந்தவர், காவலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எல்லாருக்கும் தெரியும்படி திறந்தும் இருக்க வேண்டும், காவலும் இருக்க வேண்டும். மணலில் விரித்த மீன் மாதிரி. அங்கே காவல் நிற்பது கடவுள் தரும் அமைதி, உன் சாமர்த்தியத்தை யாரும் நிற்கச் சொல்லவில்லை. அதனால் ராத்திரி நீ தூங்கலாம்.

காரியமாக ஒன்று சொல்கிறேன். இந்த வாரம் ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு சின்ன விஷயம் சொல்லிப் பார். பெரியதெல்லாம் அப்புறம். அந்த நண்பனிடமே போய்ச் சொல் என்று நான் இப்போதைக்குச் சொல்லமாட்டேன். ஒருத்தரை மன்னிப்பது வேறு, அவரிடமே மறுபடி சீட்டுக் கட்டுவது வேறு. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு அம்மாச்சி என்னை அடிக்கவில்லை. கெட்டுப்போனதை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்த் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தாள். ராத்திரி என்னோடு பேசவும் இல்லை. மறுநாள் விடிந்ததும் புதுக் காரலைப் பரப்பிவிட்டு, பனை மட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.