கல்லைப் பெயர்க்காதீர்கள், தம்பி

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் பொறியியல் மாணவன். கொருக்குப்பேட்டைக்கு வடக்கே ரயில் பாதையை ஒட்டி, முழங்கால் உயரக் கருங்கல் ஒன்றைப் பார்த்தேன். எம்.எஸ்.எம். என்று ஆங்கில எழுத்துகளும் அதன் கீழே ஓர் எண்ணும் செதுக்கியிருக்கிறார்கள். பாதை போடும்போது இறந்த கூலியாட்களின் நினைவுக்கல் என்கிறார்கள் நண்பர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி நட்டது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சொல்கிறது. எது உண்மை? ஆக்கிரமிப்பாளர்கள் அந்தக் கல்லைச் சுவரோடு சேர்த்துக் குடிசை கட்டி, அதன் மேல் அண்டாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அழிவதற்குள் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அதைப் பெயர்த்தெடுத்துக் கல்லூரியில் வைத்துப் பாதுகாக்கலாம் என்று நினைக்கிறோம். தங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

என் அப்பாவின் திதி கழிந்த மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அவர் ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பாதையைப் பராமரிக்கும் தொழிலாளியாக, இருந்தவர். அந்த மூன்று நாளும் இப்படி ஒரு கல்லைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில். எம்.எஸ்.எம். என்பது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. பழைய மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராட்டா ரயில்வேயும் 1908இல் ஒன்றாகிப் பிறந்த நிறுவனம் அது. 1951இல் தெற்கு ரயில்வே உருவானபோது அந்தப் பெயர் போயிற்று. எனவே அந்த எழுத்துகள் 1908க்கு முந்தியவை அல்ல. கல் அதைவிடப் பழையதாக இருக்கலாம். பழைய கல்லில் புது முதலாளியின் பெயரை வெட்டிக்கொள்ள ஓர் உளியும் அரைநாள் கூலியும் போதும். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856இல். அந்தக் காலத்துக் கம்பெனிகளுக்கு அரசே நிலத்தை இலவசமாகக் கொடுத்து, போட்ட பணத்துக்கு வட்டியும் உத்தரவாதம் செய்திருந்தது. இலவசமாகக் கிடைத்த நிலம் எதுவரை என்று காட்ட நட்ட கற்களின் வழிவந்ததுதான் நீங்கள் பார்த்தது. நினைவுக்கல் கதையை விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் செய்திக்கு நான் பதில் சொல்வதில்லை.

பெயர்த்தெடுப்பது பற்றித்தான் பேச வேண்டும். செய்யாதீர்கள். பொது அதிகாரி நட்ட எல்லைக்கல்லை நகர்த்தினால் ஓராண்டு வரை சிறை என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவு சொன்னது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கல்லைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று பொறியியல் படிக்கிற பிள்ளைக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டாமா? வரிசையாக மூன்று கற்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லை வளைகிற இடத்தில் நடுக்கல் நிற்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால், நாளைக்கு அளக்க வருகிறவர் முதல் கல்லுக்கும் மூன்றாம் கல்லுக்கும் நேராகக் கயிறு பிடிப்பார். இடையில் இருந்த முக்கோணத் துண்டு நிலம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்விடும். அந்தத் துண்டில் ஒரு வீடு இருக்கும். எல்லைக்கல்லின் பொருள் முழுவதும் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. உங்கள் கல்லூரி வராந்தாவுக்கு வந்துசேர்வது வெறும் கருங்கல். அதைவிட நல்ல கருங்கல் பல்லாவரத்தில் கிடைக்கும்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஞானமும் அல்ல. பல்லவர், சோழர் செப்பேடுகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும்: 'கல்லும் கள்ளியும் நாட்டி'. தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றி நடந்து, கல்லை நட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கள்ளியை வைத்தார்கள். நான் சிறுமியாக இருந்தபோது ரயில் பாதை ஓரத்தில் ஆனைக் கற்றாழை வேலி இருந்தது. கல், கற்றாழை, மறுபடி கல். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தைத்தான் செய்துகொண்டிருந்தான்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்ட சொல்: ஆக்கிரமிப்பாளர்கள்.

அப்பாவின் பகுதியில் ஒரு கல் ஒரு வீட்டின் அடுப்படிக்குள் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். அந்த வீட்டு அம்மாளை அத்தை என்று கூப்பிடுவோம். அப்பா வாசலில் நின்று இருமுவார். அத்தை கல்லின் மேலிருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கல்லின் தலையில் இருந்த ஈரத்தைத் துடைத்துக் கொடுப்பார். அப்பா குந்தி உட்கார்ந்து நார்மட்டையால் இரண்டு பூச்சுப் பூசுவார். எழுத்துப் பள்ளங்களில் ஈர்க்குச்சியால் கறுப்பு விடுவார். ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். காயும் வரை குடம் தரையில் இருக்கும். அத்தை எங்கள் இருவருக்கும் காபி கொடுப்பார். அடுப்பு ரயில்வே நிலத்தில், படுக்கை புறம்போக்கில். இது மூன்று பேருக்கும் தெரியும். திரும்பிப் போகும்போது மேஸ்திரியிடம் அப்பா சொல்வது இவ்வளவுதான்: "கல் இருக்கிறது. நகரவில்லை."

அது பொய் இல்லை. இடையில் எத்தனையோ கற்கள் காணாமல் போயின. துணி துவைக்க ஒன்று போயிற்று, லாரி மோதி ஒன்று சாய்ந்தது. அத்தை வீட்டுக் கல் மட்டும் ஓர் அங்குலம் அசையவில்லை. அதைச் சுற்றிச் சுவர் இருந்தது, அதன் மேல் தினமும் ஒரு குடம் இருந்தது. காத்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நேரம் கிடைக்கும்போது பாரிமுனைக்குப் போய் டேர் ஹவுஸ் என்ற கட்டிடத்தின் மூலையில் இருக்கும் தூணைப் பாருங்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று, கோட்டையை ஒட்டி நம் ஆட்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை, குடியிருந்த மக்களை விரட்டி, இடித்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அந்த வெளியின் எல்லையைக் காட்ட 1773இல் தூண்கள் நட்டது. மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். ஒரு கட்டிடத்தின் அணைப்பில் இருந்ததால் அது பிழைத்தது. அதை நாம் பாரம்பரியச் சின்னம் என்கிறோம். அடுப்படியில் பிழைத்தால் மட்டும் ஆக்கிரமிப்பா? வால்டாக்ஸ் சாலையில் தினமும் நடக்கிறோம். நகரைச் சுற்றி மதில் கட்டிய செலவுக்கு வரி போட நினைத்து, வசூலிக்க முடியாமல் போன கதை அந்தப் பெயரில் இருக்கிறது. மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. வடசென்னையில் யாரோ ஒருவர் கோடு கிழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், தம்பி. கோட்டின் இரண்டு பக்கமும் சோறு பொங்கியவர்கள் நம் ஆட்கள்.

கூடுதல் பாதை போட்டபோது அத்தையின் வீடு போயிற்று. இடிப்பதற்கு ஒரே ஒரு முற்பகல் பிடித்தது. அப்பா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வெகுநேரம் பேசவில்லை. செங்கல்லோடும் ஓட்டோடும் கல்லையும் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று இரவு சாப்பிடும்போது சொன்னார். அத்தை எந்தப் பக்கம் போனார் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

ஆகவே உங்களால் செய்யக்கூடியது இது. அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். அண்டாவை அவர்களே எடுத்துத் தரட்டும். எழுத்தையும் எண்ணையும் படமெடுங்கள். அருகிலுள்ள மின்கம்பத்தில் கிலோமீட்டர் எண் எழுதியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வயதானவர் யாராவது இருந்தால், அவர் வந்தபோது கல் எப்படி நின்றது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவும் வேண்டாம். சற்றுச் சுற்றாக இருந்தாலும் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஏறிப் போங்கள்.

அன்புடன்.