‘ரெயின் செக்’ என்றால் மழையைப் பார்ப்பதா?

வாசகர் கேள்வி, ஆங்கிலப் பகுதி ஆசிரியர் குழு பதில்

வியாசர்பாடி வாசகர்: அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் போனில் பேசும் வேலை எனக்கு. ‘பால்பார்க் ஃபிகர்’, ‘டச் பேஸ்’, ‘ரெயின் செக்’ என்றெல்லாம் சொல்கிறார்கள். ஃபுட்பாலும் கிரிக்கெட்டும் தெரிந்தும் இவை பிடிபடவில்லையே?

மூன்றும் பேஸ்பால் ஆட்டத்துச் சொற்கள். நம் பக்கத்தில் ஆடாத ஆட்டம் என்பதால்தான் பிடிபடவில்லை. அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சதுரமான களத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு பேஸ், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. ஓடுகிறவர் ஒவ்வொன்றையும் காலால் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ‘லெட்ஸ் டச் பேஸ் ஆன் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடம் பேசிக்கொள்வோம் என்று பொருள். நீண்ட மீட்டிங்குக்குத் தயாராக வேண்டாம்.

பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்பவருக்குத் தோராயத் தொகை போதும். ஒரே எண்ணைச் சொன்னால் அதையே விலையாகப் பிடித்துக்கொள்வார். ‘200 முதல் 250 டாலருக்குள் வரும், சரியான தொகை மெயிலில் வரும்’ என்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது ரெயின் செக்கில். மழையால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்க ரசிகர்களுக்குக் கொடுத்த சீட்டுக்கு அந்தப் பெயர். ‘ஐ வில் டேக் எ ரெயின் செக்’ என்பது மரியாதையான மறுப்பு: இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம். இதைச் சம்மதம் என்று பதிவு செய்துவிட்டால் வாடிக்கையாளர் கோபப்படுவார். எப்போது மறுபடி அழைக்கலாம் என்று தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டெப் அப் டு தி பிளேட்’ வந்தால் சாப்பாட்டுத் தட்டை நினைக்காதீர்கள். பந்தை அடிப்பவர் வந்து நிற்கும் இடத்தில் பதித்திருக்கும், 17 அங்குல அகலமுள்ள ரப்பர் பலகைதான் அந்த பிளேட். பொறுப்பை எடுத்துக்கொள் என்று பொருள்.

ராயபுரம் வாசகி: கல்லூரி முடிக்கிறேன். இன்டர்வியூவில் பாக்ஸிங் சார்ந்த தொடர்களைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. குத்துச்சண்டையில் ஊறிய வடசென்னைக்காரருக்கு இவை சீக்கிரம் வசப்படும். இன்டர்வியூவுக்குப் பொருத்தமானது ‘ரோல் வித் தி பஞ்சஸ்’. குத்து பாய்ந்து போகும் திசையிலேயே தலையையும் உடம்பையும் நகர்த்தினால் அடியின் வேகம் குறையும். கஷ்டம் வரும்போது அதற்கேற்ப வளைந்துகொடுத்துச் சமாளிப்பதை இப்படிச் சொல்கிறார்கள். ‘பஞ்சஸ்’ என்று பன்மையில்தான் வர வேண்டும்.

‘த்ரோ இன் தி டவல்’ தோல்வியை ஒப்புக்கொண்டு கைவிடுவது. வளையத்துக்குள் டவலை வீசுபவர் சண்டைக்காரர் அல்ல, மூலையில் நிற்கும் அவருடைய ஆள். பேச்சில் மட்டும் கைவிட்டவரையே சேரும். ‘இன்’ விடுபட்டால் துண்டைத் தூக்கிப் போட்டதாகத்தான் அர்த்தம் வரும்.

‘சேவ்டு பை தி பெல்’ கடைசி நொடியில் தப்பிப்பது. விழுந்தவருக்கு நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் ரவுண்டு முடியும் மணி அடித்தால், பழைய விதிப்படி அவர் தப்பினார். இன்றைய தொழில்முறைப் பொதுவிதியில் அந்தச் சலுகை கிடையாது, மணி அடித்தாலும் எண்ணிக்கை ஓடும். விதி மாறியும் தொடர் நிலைத்துவிட்டது.

‘பிலோ தி பெல்ட்’டை இன்டர்வியூவில் தொடவே தொடாதீர்கள். இடுப்புக்குக் கீழே குத்துவது தவறான அடி, ஆகவே அது நேரடிக் குற்றச்சாட்டு. பழைய முதலாளியைப் பற்றி அப்படிச் சொன்னால் உங்கள் பெயர்தான் கெடும்.

தண்டையார்பேட்டை வாசகர்: ‘சேம் சைடு கோல்’ என்று ஆங்கிலத்தில் எழுதலாமா?

நம் ஊரில் எழுதினால் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவருக்கு ‘ஓன் கோல்’ என்று எழுதுங்கள். அதேபோல நாம் ஒருவரைப் பார்த்து ‘க்ளீன் போல்ட்’ ஆகிறோம், அவர்கள் ‘போல்டு ஓவர்’ ஆகிறார்கள்.

திருவொற்றியூர் வாசகி: கோல்ஃபில் ‘பார்’க்குக் கீழே போனால் வெற்றி என்கிறார்கள். ‘ஃபீலிங் பிலோ பார்’ என்றால் ஏன் உடம்பு சரியில்லை என்று பொருள்?

கோல்ஃபில் பார் என்பது பந்தைக் குழியில் போட நல்ல ஆட்டக்காரருக்கு இத்தனை அடி ஆகும் என்று வைத்திருக்கும் கணக்கு. குறைந்த அடிகளில் முடிப்பவரே ஜெயிப்பார், அதனால் பாருக்குக் கீழே என்றால் நல்லது. அன்றாடப் பேச்சில் பார் என்பது சாதாரண அளவு. அதற்குக் கீழே போனால் குறைதான். ‘பார் ஃபார் தி கோர்ஸ்’ என்பதை ‘இவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்’ என்று சலித்துக்கொள்ளும்போதே அதிகம் சொல்வார்கள். பாராட்டாக நினைத்து மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பெரம்பூர் வாசகர்: பட்டியலை மனப்பாடம் செய்தும் பேசும்போது நாக்கில் வருவதில்லை.

அகர வரிசைப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு ஓர் ஆட்டம், அதில் ஐந்தே தொடர்கள். ஒவ்வொன்றுக்கும் களத்தில் யார் என்ன செய்கிறார் என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு உங்கள் வேலையை வைத்து ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள், மூன்றும் வெவ்வேறு காலத்தில். ‘மூவ் தி கோல்போஸ்ட்ஸ்’ என்றால் வேலை நடுவில் இருக்கும்போது நிபந்தனையை மாற்றுவது. நேற்று நடந்திருந்தால் ‘மூவ்டு’ ஆகும், ‘தி கோல்போஸ்ட்ஸ்’ அப்படியே நிற்கும். மாறுவது வினை மட்டும் என்று கை பழகிவிட்டால் பேச்சில் தடங்கல் குறையும்.

கேட்பவர் எந்த நாட்டவர் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ‘ஸ்டிக்கி விக்கெட்’, அதாவது மழையில் நனைந்து வெயிலில் காயும் பிட்சில் ஆடுவது போன்ற இக்கட்டு, லண்டன்காரருக்குப் புரியும். கிரிக்கெட் தெரியாத அமெரிக்கருக்கு ‘டிஃபிகல்ட் சிச்சுவேஷன்’ என்றே சொல்லிவிடுங்கள். அரசு அலுவலக மனுவிலும் தேர்வுக் கட்டுரையிலும் இவை எதுவுமே வேண்டாம்.