கொரியாக் குளிரில் கட்டட வேலை: எதை உடுப்பது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: எனக்கு 29 வயது, களுவாஞ்சிகுடியில் மேசன் வேலை செய்கிறேன். தை மாதம் கட்டட வேலைக்காகத் தென்கொரியா போகிறேன். தடித்த ஜக்கெட் ஒன்று, பருத்திப் பெனியன்கள், ஜீன்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே இருந்து வந்த மச்சான், "இரண்டு சோடி காலுறை போடு, காலையில் ஒரு மிடறு குடி, குளிர் தெரியாது" என்கிறார். இது போதுமா?

பதில்: போதாது, தம்பி. ஜக்கெட்டைக் கொண்டு போங்கள். பெனியனும் ஜீன்ஸும் அறையில் போடத்தான் சரி, வேலைக்கு வேண்டாம்.

மட்டக்களப்பில் தை மாத விடியற்காலையிலும் 23 பாகை அளவு இருக்கும். சியோலில் அதே மாதத்தில் குளிர் இறுகும் இரவுகளில் மைனஸ் 10க்கும் கீழே இறங்கும். சுவர் எழும்பாத மேல்மாடியில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால், மைனஸ் 10 திறந்த தோலுக்கு மைனஸ் 20 போலத் தாக்கும்.

ஆனால் பாரம் தூக்கும் ஆளுக்கு முதல் எதிரி வியர்வை. சீமெந்து மூட்டை சுமக்கும்போது பெனியன் நனையும். பருத்தி அந்த ஈரத்தை விடாது. தேத்தண்ணிக்கு உட்கார்ந்ததும் காற்றுப் பட்டு, சுமந்தபோது உண்டான சூடு முழுவதும் ஈரத்தோடு போய்விடும். ஆகவே தோலோடு ஒட்டி மெல்லிய பொலியஸ்டர் அல்லது கம்பளி நூல் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும், அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத, சிப் வைத்த ஜக்கெட். வேலை தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடேறும். வியர்க்கத் தொடங்கும் முன்பே சிப்பைத் திறவுங்கள், போதாவிட்டால் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். ஓய்வுக்கு நிற்கும்போது நடுக்கம் வரும்வரை காத்திராமல் உடனே போடுங்கள். மாற்று உட்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், மத்தியானம் மாற்றலாம்.

இரண்டு சோடி காலுறையை இறுக்கிப் போட்டால் குளிர் கூடும். சூட்டைக் கொண்டுவருவது இரத்தம், அதைப் பிடித்து வைப்பது காற்று. இறுக்கம் இரண்டையும் நெரித்துவிடும். தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி, அதோடு விரல்களை ஆட்டக்கூடிய சப்பாத்து. அரை அளவு பெரிதாக வாங்குங்கள், காலுறையைப் போட்டபடியே அளந்து பாருங்கள். இரவில் உள் அட்டையை வெளியே எடுத்துக் காயவிடுங்கள். கையுறை இரண்டு சோடி வேண்டும். கம்பியையும் சாரக் குழாயையும் வெறுங்கையால் தொடக்கூடாது. சீமெந்துக் கலவையில் நனைந்த கையுறையை உடனே மாற்றாவிட்டால் குளிரோடு தோலும் புண்ணாகும்.

மச்சானின் மிடறு பெரும் ஆபத்து. மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் சூடு வந்தது போலத் தோன்றும். உண்மையில் உள்ளுடம்பின் சூடு வெளியே ஓடுகிறது. நடுக்கத்தையும் அது அடக்கிவிடும். சிகரெட் விரல்களுக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும். வயிறு நிறையச் சோறு, சூடான இனிப்புத் தேத்தண்ணி, தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர்: இவைதான் உதவும்.

வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலிக்காமல் போனால், பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது உறைபனிக் காயத்தின் தொடக்கமாக இருக்கலாம். நமது கறுத்த தோலில் அது வெள்ளையாகத் தெரியாமல் சாம்பல் பூத்தது போலவும் தெரியலாம். உடனே உள்ளே போய்க் கையைக் கமக்கட்டில் வையுங்கள். விரல் மரம் போல விறைத்திருந்தால் தேய்க்கக்கூடாது, நெருப்பிலும் காட்டக்கூடாது. உணர்வில்லாத தோல் கருகுவது தெரியாது. மருத்துவமனைதான் வழி. போகத் தாமதமானால் 37 முதல் 39 பாகை நீரில், தோல் இளகும்வரை, ஏறத்தாழ அரை மணி நேரம் வையுங்கள். நன்றாக வலிக்கும். மீண்டும் உறையக்கூடிய இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் இளக்கவே வேண்டாம். இளகியது திரும்ப உறைந்தால் சேதம் கூடும்.

கூட வேலை செய்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று சோர்ந்தாலோ, உள்ளுடம்பு குளிர்ந்துவிட்டது. கொரியாவின் அவசர உதவி எண்ணான 119க்கு அழையுங்கள். ஈர உடுப்பைக் கழற்றிக் கம்பளியால் சுற்றி, படுக்க வையுங்கள்.

இதைவிட ஒன்றை மறக்கவே கூடாது. குளிர்காலத்தில் கொங்கிரீட் இறுகுவதற்காக மூடிய இடங்களில் கரி எரிப்பதுண்டு. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. அங்கே குளிர்காயவோ படுக்கவோ கூடாது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால் அந்தக் கணமே வெளியே வாருங்கள். உள்ளே விழுந்தவரை எடுக்கத் தனியாக ஓடாதீர்கள், 119க்குச் சொல்லுங்கள்.

அங்கே விற்கும் சூட்டுப் பொட்டலத்தை உட்சட்டைக்கு மேலேதான் வைக்க வேண்டும், தூங்கும்போது வேண்டாம். இளஞ்சூடும் மணிக்கணக்கில் தோலைச் சுடும். குளிர்ந்த நீரில் உங்கள் விரல் வெளிறுவதுண்டா? நீரிழிவு உண்டா? அற்றெனலோல், புரொப்ரனலோல் போன்ற இதய, இரத்த அழுத்தக் குளிசை எடுக்கிறீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால், பயணத்துக்கு முன் உங்கள் வைத்தியரிடம் போய்க் காட்டுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.