முதல் டூருக்குக் கிளம்பும் முன் வண்டியின் போர்டைப் பாருங்கள், ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆறு பேர் சேர்ந்து தக்காளி மண்டிக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து இரண்டு வருடமாக வாசித்துப் பழகியிருக்கிறார்கள். சொந்தப் பாட்டு ஏழு, மீதி சினிமாப் பாட்டு. இப்போது முதல் முறையாக வெளியூரில் ஐந்து புரோகிராம் வந்திருக்கிறது: அரூர் பக்கம் ஒரு கோவில் திருவிழா, மறுநாள் சனிக்கிழமை ஓசூர், ஞாயிறு எடப்பாடி, நடுவில் இரண்டு நாள் விட்டு கிருஷ்ணகிரி, கடைசியாக பெங்களூரு. பாடுகிற பெண்ணின் அம்மாவும் கூட வருகிறார், ஆக ஏழு பேர். நண்பனின் சித்தப்பாவிடம் ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு டிராவலர் வேன் இருக்கிறது, நாளுக்கு 3,500 ரூபாய்க்குத் தருகிறார், வாடகைக்கு ஓட்டுகிற மஞ்சள் போர்டு வண்டி என்றால் 6,000 சொல்கிறார்கள், வழியில் பிடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும், கிட்டார் வாசிக்கிற பையனே ஓட்டலாமா, அவனிடம் வாடகை வண்டி டிரைவருக்கான பேட்ஜ் இல்லையே என்று கேட்கிறார். கடைசி வரியில், ஏஜென்ட் ஐந்து தேதிக்கும் சேர்த்து 15,000 ரூபாய் டெபாசிட் கேட்கிறார், கொடுக்கலாமா என்று ஒரு வார்த்தை.

நேராகவே சொல்கிறேன் தம்பி. வாடகை பேசிய ஓன் போர்டு வண்டியில் ஏறாதீர்கள். டெபாசிட் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

பிடித்தால் எவ்வளவு என்பது சின்ன விஷயம். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம் இருக்கிறது, வண்டியையும் பிடித்து வைக்கலாம், மாலை ஆறு மணிக்கு சவுண்ட் செக் வைத்திருக்கிற நாளில் வண்டியைப் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக் கொள்ளுங்கள். ஆனால் நான் பயப்படுவது இன்சூரன்சுக்காக. சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்தில் உள்ளே இருக்கிற உங்களுக்கு அந்தப் பாலிசியில் பணம் வரும் என்று நம்பவே கூடாது.

எனக்கே நடந்தது. 2012 தை மாதம், சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. தெரிந்தவருடைய ஆம்னி, வெள்ளை போர்டு. தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட, நாங்கள் போய் அதன் பின்னால் முட்டினோம். பெரிய விபத்து என்று சொல்ல முடியாது, ஆனால் கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள் ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை வருடமாக வாசிக்கிறாய் என்றெல்லாம் அன்பாக விசாரித்துவிட்டு, எழுந்து போகும்போது, "வண்டிக்கு எவ்வளவுப்பா பேசினீங்க?" என்று கேட்டார். பையன் பொய் சொல்லத் தெரியாதவன். "ஆயிரத்து எண்ணூறு சார்" என்றான். அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார், கிளைம் அங்கேயே முடிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்னுடைய இரண்டு ஆம்ப்ளிஃபயரை விற்றேன். அவன் மறுபடியும் கீபோர்டில் கை வைக்க ஐந்து மாதம் ஆனது.

மஞ்சள் போர்டு வண்டிக்காரர் ஏன் 6,000 கேட்கிறார் என்றால் அவர் ரோடு டாக்ஸ் கட்டுகிறார், வண்டி ஓட்டத் தகுதியானது என்று எஃப்.சி. காட்டுகிறார், பர்மிட் எடுக்கிறார், பாலிசிக்கும் அதிகம் கட்டுகிறார். இத்தனையும் கட்டிவிட்டு அவர் ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, முகூர்த்த நாளில் ஊர் முழுக்க வெள்ளை போர்டு வண்டிகள் வாடகைக்கு ஓடுகின்றன. இது ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரியாதா? அவர் மனு கொடுத்தால் நாலு நாள் சோதனை போடுகிறார்கள், ஐந்தாம் நாள் பழையபடி ஓடுகிறது. எனக்கு இது பல வருட வயிற்றெரிச்சல். பேசும் முன் வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள், என்ன வகை வண்டி, இன்சூரன்சும் எஃப்.சி.யும் எது வரைக்கும் என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

6,000 முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சாமான்களுக்கு மட்டும் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று பேசிக்கொண்டு நீங்கள் பஸ்ஸில் போகலாம். சரக்கு வண்டியில் ஆள் ஏறக்கூடாது என்பது பொது விதி. அதில் ஒரே ஒரு விலக்கு, சரக்குக்குச் சொந்தக்காரர் அல்லது அவர் அனுப்பிய ஆள் சரக்கோடு கூடப் போகலாம், அவருக்கு இன்சூரன்சும் உண்டு. எங்கே உட்கார்ந்து? கேபினில், டிரைவர் பக்கத்தில். எத்தனை பேர்? ஆர்.சி. புத்தகத்தில் டிரைவர் போக எத்தனை சீட் என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேர், குட்டியானையில் பெரும்பாலும் ஒருவர். பின்னால் டிரம்ஸ் விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவன் உட்காரட்டும் என்று சொல்வீர்கள், எல்லாக் குழுவும் அதைத்தான் சொல்கிறது. பின்னால் உட்கார்ந்தவன் டிரம்சுக்குச் சொந்தக்காரனாகவே இருந்தாலும் அவனுக்கு அந்த விலக்கு கிடையாது. டிரம்ஸை நைலான் கயிறு போட்டுக் கட்டுங்கள், ஸ்பீக்கருக்கு அடியில் பழைய மெத்தை போடுங்கள், பின்னால் ஆள் வேண்டாம். கேபினில் போகிறவர் கையில் சாமான் பட்டியல் ஒரு பேப்பரில் இருக்கட்டும், என்ன பொருள், யாருடையது, சீரியல் நம்பர் என்ன என்று. வழியில் நிறுத்திக் கேட்டால் காட்டலாம், திரும்பி வரும்போது எண்ணி ஏற்றவும் அதே பேப்பர் உதவும். ஸ்டாண்டும் ஒயரும் தொலைவது எப்போதும் ராத்திரி பேக் செய்யும்போதுதான்.

மஞ்சள் போர்டு டிராவலர் என்றே முடிவு செய்தால் வாடகை பேசும்போது ஒரு நாள் என்றால் எதிலிருந்து எது வரை என்று கேளுங்கள். பல பேர் ராத்திரி பன்னிரண்டோடு நாளை முடிப்பார்கள். புரோகிராம் பத்துக்கு முடிந்து, பேக் செய்து, வீடு வர ஒன்றரை ஆனால் இரண்டு நாள் வாடகை. கிலோமீட்டரை ஷெட் டு ஷெட், அதாவது வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்புகிற வரை எண்ணுவார்களா, உங்கள் வாசலிலிருந்தா, டோல் யார், டிரைவர் பேட்டா எவ்வளவு, எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள். பெங்களூருக்குக் கர்நாடகா பர்மிட் போட்டிருக்கிறதா என்பதையும் கிளம்பும் முன் கண்ணால் பாருங்கள், "எல்லையில, அத்திப்பள்ளியில் பார்த்துக்கலாம்" என்று சொல்கிற ஆளை நம்பாதீர்கள், அங்கே போனதும் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் வந்து விழும்.

பேட்ஜ் பற்றி. 7,500 கிலோ எடைக்குள் வருகிற வாடகை வண்டியைச் சாதாரண கார் லைசென்சிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வில் உறுதி செய்துவிட்டது, டிராவலர் அந்த எடைக்குள் அடங்கும். ஆனாலும் கிட்டார் வாசிக்கிற பையன் ஓட்டக்கூடாது. மூன்று மணி நேரம் மேடையில் நின்றவனுக்குக் கண் எரியும், காது இரைந்துகொண்டே இருக்கும், சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை என்பான், கிளம்பி அரை மணி நேரத்தில் தலை தொங்கும். தனி டிரைவர் வைத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஊத்தங்கரை பக்கம் ஒரு திருவிழாவில் நாங்கள் பாடிக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், எங்கள் டிரைவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறார். பாட்டு பிடித்த மனிதர், பாவம். அன்று அவரை எழுப்பிவிட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். அதற்கப்புறம் நான் எந்த டிரைவரையும் மேடைப் பக்கம் விட்டதில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஸ்பீக்கர் சத்தம் கேட்காத தூரத்தில் வண்டியை நிறுத்தி, பாயும் கொசுவத்தியும் கொடுத்து, எட்டு மணிக்கே படுக்க வைத்துவிடுவேன்.

உங்கள் பட்டியலில் எனக்குப் பிடிக்காத இடம் சனிக்கிழமை ஓசூர், ஞாயிறு எடப்பாடி. ஏஜென்ட் தேதியை விற்கிறார், நடுவில் ரோடு இருப்பது அவருக்கு நினைவில் இல்லை. ஓசூரில் முடித்துவிட்டு "ராத்திரியோட ராத்திரியா போயிடலாம்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படிக் கிளம்பினால் தொப்பூர் கணவாயில் நீங்கள் இறங்குவது விடிகாலை மூன்று மணிக்கு. தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம்தான் இறக்கம், லோடு லாரிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, கீழே வரும்போது பிரேக் பிடிக்காமல் போய், இரட்டைப்பாலம் பக்கம் எத்தனை குடும்பங்கள் போயிருக்கின்றன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனை வருடம் அந்த ரோட்டைச் சரி செய்யச் சொல்லிக் கேட்டோம், ஒவ்வொரு விபத்துக்கும் அதிகாரிகள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள் ஓசூரிலேயே படுங்கள். புரோகிராம் நடத்துகிற கமிட்டி இரண்டு அறை தரவேண்டும், அம்மாவுக்கும் பெண்ணுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற அறை தனியாக, இதை முன்னாடியே கேட்டு வாங்குங்கள். விடிந்ததும் ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு வந்து, வீட்டில் குளித்து, சாப்பிட்டு, பகல் வெளிச்சத்தில் தொப்பூர் இறங்குங்கள். எடப்பாடிக்கு நாலு மணிக்குள் போய்விடலாம்.

இனி அந்த 15,000. இதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். நம் பக்கத்தில் ஒரு குழுவைப் பேசினால் கமிட்டிக்காரர் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வைப்பார், ஆயிரத்து ஒன்று வைத்தாலும் அது பேச்சு. கூப்பிடுகிறவர் வருகிறவருக்குக் கொடுப்பதுதான் அட்வான்ஸ். வாசிக்கப் போகிறவன் ஏஜென்டுக்குப் பணம் கட்டுகிற வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, இப்போதுதான் "டெபாசிட்", "டேட் லாக்", "ரெஜிஸ்ட்ரேஷன்" என்று புதுப் புதுப் பெயரில் கேட்கிறார்கள். நீங்கள் கடைசி நேரத்தில் வராமல் போனால் என்ன செய்வது, அதற்காகத்தான் என்பார்கள். நியாயம் போலக் கேட்கும். கமிட்டி கடைசி நேரத்தில் பின்வாங்கினால் அவர் உங்களுக்கு எவ்வளவு தருவார் என்று திருப்பிக் கேளுங்கள், போனை வைத்துவிடுவார். எனக்குத் தெரிந்து மூன்று குழுக்கள் இப்படிப் பணம் கட்டிவிட்டு, சொன்ன ஊருக்கு வண்டி பிடித்துப் போய் இறங்கினால், அங்கே திருவிழாவே இல்லை. ஒரு குழு கோவில் வாசலில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு பூசாரியை எழுப்பிக் கேட்டிருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கப் போனால், எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள், எழுத்தில் எதுவும் தராததுதான் அந்த ஆளின் தொழிலே என்பது அங்கே யாருக்கும் புரிவதில்லை.

நல்ல ஏஜென்டுகளும் இருக்கிறார்கள், அவர்கள் புரோகிராம் முடிந்து உங்கள் சம்பளத்திலிருந்து கமிஷன் எடுத்துக்கொள்வார்கள், கமிட்டி நம்பரையும் கேட்டால் தருவார்கள். பாக்கிப் பணத்தை இடைவேளையிலேயே கேளுங்கள். கடைசிப் பாட்டு முடிந்து மைக்கை அணைத்த பிறகு பொருளாளரைத் தேடி ஊர் முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

மற்றது எல்லாம் சின்னச் சின்னது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் கிடையாது என்பது 2000ஆம் ஆண்டு வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதி, மேடையில் பேச்சாளர்கள் ஒன்பதரை வரை இழுத்தாலும் உங்களுக்கு அதேதான், ஆகவே சொந்தப் பாட்டைக் கடைசிக்கு வைக்காதீர்கள். போலீஸ் அனுமதிக் கடிதத்தின் போட்டோ கேட்டு வாங்குங்கள். சாதிப் பெயர் சொல்லி ஒரு பாட்டு பாடச் சொல்லி, ஐநூறு ரூபாய் நோட்டில் சுற்றி மேடைக்குச் சீட்டு வரும், அந்த நோட்டைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள், கமிட்டித் தலைவரிடம் அனுப்பிவிடுங்கள். மேடைக்குக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்திருந்தால் ஜெனரேட்டர் வரும்வரை எதையும் பிளக்கில் சொருகாதீர்கள், எர்த் இல்லாத மேடையில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தால் சுள்ளென்று இழுக்கும், உயிரே போகவும் வாய்ப்பிருக்கிறது.

இன்று ராத்திரியே அந்த ஏஜென்டிடம் ஐந்து ஊர் கமிட்டி நம்பரும் கேளுங்கள். தந்தால் ஒவ்வொரு ஊருக்கும் நீங்களே போன் போட்டு, அண்ணா, திருவிழா நோட்டீசில் எங்கள் குழுவின் பெயரை என்னவென்று போட்டிருக்கிறீர்கள், ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேளுங்கள். போட்டோ வருகிற ஊருக்கு மட்டும் வண்டி பேசுங்கள்.