தோப்பை அடமானம் வைக்க வேண்டாம்

கொழிஞ்சாம்பாறை ஐயாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகளுக்கு வெளியுறவு, உலகப் பொருளாதாரம் என்றால் ஆசை. தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால்தான் மதிப்பு என்கிறார் பெங்களூர் மச்சினர். தென்னந்தோப்பை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள். மதிப்பு மச்சினருக்கு, வட்டி உங்களுக்கு.

அத்தை சொல்லும் நர்சிங்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மகள் வேண்டாம் என்றுவிட்டாள், அத்தோடு சரி.

அந்தப் பல்கலைக்கழகம் பெருமையாகச் சொல்லும் 'உலகத் தரவுப் பயிற்சி'க்கு வேண்டிய கச்சாப்பொருள் பெரும்பாலும் இலவசம். உலக வங்கி 2010-லேயே தன் தரவுகளைத் திறந்துவிட்டது. எந்த நாடு யாருக்குப் பெரிய ஆயுதங்கள் கொடுத்தது என்று 1950 முதலான கணக்கு ஸ்டாக்ஹோமின் சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்திடம் இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா எப்படி வாக்களித்தது என்பதை ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் பார்க்கலாம்.

மகளைத் தேங்காயில் தொடங்கச் சொல்லுங்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் தளத்தில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா மூன்றையும் தேர்ந்தெடுத்து, பரப்பு, விளைச்சல், உற்பத்தி என்று 1961 முதல் எக்செல்லில் இறக்கலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் அரசு தந்த கணக்கு, 'ஈ' என்றால் மதிப்பீடு, 'ஐ' என்றால் விடுபட்டதைக் கணக்கிட்டு நிரப்பியது. பட்டதாரிகள்கூட அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுத்தான் வரைபடம் போடுகிறார்கள்!

அப்புறம் நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு இருக்கும் ஐ.நா.வின் காம்ட்ரேட் தளம். பதிவுசெய்தால் ஒரு வரம்பு வரை இலவசம். தேங்காய் எண்ணெயின் சுங்கக் குறியீடு 1513. ஆனால் எண்ணெய்ப்பனை விதை எண்ணெயும் அதற்குள்தான் வரும். பிரித்துப் பார்க்க ஆறு இலக்கத்துக்குப் போக வேண்டும். பிலிப்பைன்ஸ் விற்றதாக எழுதிய தொகையும் வாங்கிய நாடு எழுதிய தொகையும் அநேகமாக ஒத்துப்போகாது. ஏற்றுமதிக் கணக்கு கப்பலில் ஏற்றும் வரையான விலை. இறக்குமதிக் கணக்கில் பொதுவாகக் கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். மூன்றாம் நாடு வழியாகப் போன சரக்கு இன்னொரு குழப்பம். இந்த வித்தியாசத்தை ஒரு பக்கத்தில் விளக்கி எழுதத் தெரிந்தால், அதுவே வேலைக்கான திறமை.

தளங்கள் தமிழில் இல்லை. தமிழ்வழியில் படித்தவள் என்றால் முதல் சில மாதம் திணறுவாள், திணறட்டும். பழைய லேப்டாப் போதும், புதிதாக வாங்காதீர்கள்.

பட்டத்துக்குப் பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பொருளாதாரம். புள்ளியியலை மைனராக, அதாவது துணைப்பாடமாக, எடுக்க முடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஏனென்றால், மத்திய அரசு வேலைகளுக்கான சி.ஜி.எல். தேர்வு வழியாக வரும் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி வேலைக்குப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் வேண்டும். மகளின் கணித மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை.

அந்தக் கல்லூரி இணைந்துள்ள காலிக்கட் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். மச்சினர் போனில் சொல்லச் சொல்ல நிரப்புவது வேண்டாம்.